கிலோ இருநூறு

மகிளா ஹாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில்
நாவல்களை உருளைக்கிழங்கு மாதிரி நிறுப்பார்கள்.
கிலோ இருநூறு.
முள் கொஞ்சம் குறைந்தால் கடைக்காரர்
ஒல்லியான சமையல் புத்தகம் ஒன்றை
மேலே போட்டுச் சரிக்கட்டுவார்.
இப்படியே வீட்டில் சேர்ந்துவிட்டன ஒன்பது.
அவனில் கேக் சுடுவது எப்படி என்று
அவன் இல்லாமலே எனக்குத் தெரியும்.

"என்னடி, எல்லா அட்டையிலும் ஒருத்தி
முதுகைக் காட்டிட்டு நிக்கறா?"
உலகத்தைக் காப்பாத்தப் போறாம்மா.
"பல்லு தேச்சிட்டுப் போகச் சொல்லு."

பதினாறு வயதுக்காரர்களுக்கென்று எழுதியவையாம்.
எனக்குப் பதினாறு முடிந்து நாலு மாதம்.
நான் பேசலாம்.

முதல் அத்தியாயத்திலேயே
அப்பா அம்மாவைக் கொன்றுவிடுகிறார்கள்,
எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லாமல் இருக்க.
என் அப்பா உயிரோடிருக்கிறார்.
லாஜ்பத் நகரில் துணி மூட்டை ஏற்றிவிட்டு வந்து
இன்னும் ஏன் லைட் எரியுது என்கிறார்.
அவரை வைத்துக்கொண்டு
ஒருத்தி புரட்சி செய்து காட்டட்டும்.

கோபம் வந்தால் படியேறிப் போய்
அறைக் கதவை அறைந்து சாத்துகிறாள்.
ஜங்புராவில் எங்களுக்கு இருப்பது திரை.
எவ்வளவு வெறியோடு இழுத்தாலும்
ஸ்ஸ்ஸ் என்கிறது,
பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல.

பையன்கள் இரண்டு பேர். எப்போதும் இரண்டு.
ஒருவன் சிரிக்கவே மாட்டான்.
ஷகுஃப்தா அவன் கட்சி.
நான் யார் கட்சியும் இல்லை.
கலகப் படைக்கு சூப் காய்ச்சும் ஒருத்தி
எண்பதாம் பக்கத்தில் வருகிறாள்.
நானூறு பேருக்கு, அரை வரியில்.
அதற்கப்புறம் அவளைக் காணோம்.
பாத்திரம் யார் கழுவினார்கள்?

இதைப் பென்சிலில் ஓரத்தில் எழுதினேன்.
ஏற்கெனவே அங்கே ஆளிருந்தது:
இஷிதா கோச்சர், ஒன்பது பி, ஊதாப் பேனா.
நாயகி நள்ளிரவில் தனியே கூரைமேல் ஏறும் இடத்தில்
"நானும் இப்படித்தான்!!!" என்றிருந்தாள்.
எந்தக் கூரை, எத்தனை மணிக்கு,
யார் விட்டார்கள் என்று கேட்டேன்.
பதில் வராது என்பதால்
பக்கத்துக்குப் பக்கம் சண்டை போட்டேன்.

இருநூற்று மூன்றாம் பக்கத்தில்
"என்னை யாரும் கேட்கவே இல்லை" என்றொரு வரி.
அங்கே இதயம் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை.
கோடு மட்டும், தாள் கிழியும் அளவுக்கு.
என் பென்சில் அதே வரிக்குத்தான்
வந்துகொண்டிருந்தது.
அன்றைக்கு மேலே படிக்கவில்லை.

மூன்று பாகக் கதையில்
என்னிடம் இருப்பது ஒன்றும் மூன்றும்.
ஒன்றில் அவள் தம்பி இரு கையாலும் பட்டம் விடுகிறான்.
மூன்றில் ஒரு கையால் பொத்தான் போடுகிறான்.
ஏன் என்று யாரும் சொல்வதில்லை.
அவர்களுக்கெல்லாம் தெரியும்.

முத்ரிகா பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
நானும் ஷகுஃப்தாவும் நடுப்பாகத்தைக் கட்டினோம்.
அதில் நாயகி கணக்கில் பெயிலாகிறாள்.
தண்ணி லாரி வராத நாளில்
உலகத்தைக் காப்பாற்றுவதைத் தள்ளிப்போடுகிறாள்.
கை போனது போரில் என்றாள் ஷகுஃப்தா.
பிரஸ் மெஷினில் என்றேன்.
எங்கள் சந்தில் ஏகாம்பரம் அண்ணனுக்கு
ஓக்லாவில் அப்படித்தான் போனது.
அவரும் ஒரு கையால் பொத்தான் போடுவார்,
நாம் பார்க்காதபோது.

போன வாரம் இரண்டாம் பாகம் கிடைத்தது.
புதுசு, நானூற்றைம்பது,
இது கிலோவில் இல்லை என்றார் கடைக்காரர்.
நின்றபடியே புரட்டித் தேடினேன்.
ஒரே வாக்கியத்தில் போயிருந்தது கை.
அடுத்த பத்தியில்
சிரிக்காதவன் முத்தம் கொடுக்கிறான்.

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
வேறு இரண்டு எடுத்தேன். எடை சரியாக இருந்தது.
சமையல் புத்தகம் வரவில்லை.
கேட்டு வாங்கினேன்.
கடைசியில் 'உங்கள் குறிப்புகள்' என்று
பன்னிரண்டு பக்கம் காலியாக விட்டிருப்பார்கள்.

எழுத ஆரம்பித்திருக்கிறேன்.
நானூறு தட்டில்
இதுவரை முப்பதுதான் கழுவியாகியிருக்கிறது.